குற்றம் வடக்கில், ஆள் தெற்கில்: 1974இல் அயர்லாந்தின் முன் இருந்த நான்கு வழிகள்

வட அயர்லாந்தின் நியூரி நகரில் ஒருவரைச் சுட்டுவிட்டுக் காரில் ஏறியவர், அரை மணி நேரத்தில் அயர்லாந்துக் குடியரசின் டண்டாக் நகரில் இருக்கலாம். இடையில் ஒரு சர்வதேச எல்லை உண்டு, ஆனால் வேலி கிடையாது. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கோட்டை இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள் கடக்கின்றன. சில இடங்களில் கோடு வயலுக்கு நடுவே போகும். பிரிட்டிஷ் ராணுவம் சின்னச் சாலைகளில் வெடிவைத்துப் பள்ளம் பறித்தது. ஊர்க்காரர்கள் கூடி மண்ணைக் கொட்டி மூடினார்கள். ராணுவம் மறுபடி பறித்தது.

1968 வாக்கில் தொடங்கி 1998 வரை நீண்ட வட அயர்லாந்து மோதலில் 3,500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1972இல் மட்டும் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம், அயர்லாந்து ஒன்றாக வேண்டும் என்ற தேசியவாதிகள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். மறுபக்கம், பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்ற யூனியனிஸ்டுகள், பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள். வடக்கில் தாக்கிவிட்டுத் தெற்கில் ஒதுங்கும், ஐஆர்ஏ என்ற தேசியவாத ஆயுதக் குழுவின் ஆட்களைப் பற்றித்தான் லண்டன் ஓயாமல் பேசியது. வடக்கிலிருந்து வந்து தெற்கில் குண்டு வைத்துவிட்டுத் திரும்பிப்போன யூனியனிஸ்ட் ஆயுதக் குழுக்களைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. பிரச்சினை இரு திசையிலும் இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டால்தான் அன்றைய வழிகளை நியாயமாக எடைபோட முடியும்.

1973 டிசம்பரில் இங்கிலாந்தின் சன்னிங்டேலில் பிரிட்டிஷ் பிரதமர் எட்வர்ட் ஹீத், அயர்லாந்துப் பிரதமர் லியாம் காஸ்கிரேவ், இரு சமூகமும் சேர்ந்து ஆளும் வடக்கின் அதிகாரப் பகிர்வு அரசில் சேரவிருந்த பிரையன் ஃபாக்னர், ஜெரி ஃபிட், ஜான் ஹியூம் முதலானோர் கூடினார்கள். வன்முறைக் குற்றம் செய்தவர் தீவின் எந்தப் பகுதியில் இருந்தாலும் விசாரணைக்கு வர வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒப்புதல். எப்படி என்பதில் இல்லை. வழக்கம்போல ஒரு குழு போட்டார்கள். இரு தரப்பிலும் நான்கு பேர், எல்லோரும் சட்டம் தெரிந்தவர்கள். வடக்கின் தலைமை நீதிபதி ராபர்ட் லௌரி, லண்டனிலிருந்து லெஸ்லி ஸ்கார்மன், தெற்கின் தலைநகரான டப்ளினின் உச்ச நீதிமன்றத்திலிருந்து பிரையன் வால்ஷ், சேமஸ் ஹென்சி என்று கனமான பெயர்கள். 1974 வசந்த காலத்தில் அவர்கள் அறிக்கையை முடித்தபோது மேசையில் நான்கு வழிகள் இருந்தன: ஆளை ஒப்படைப்பது, தீவு முழுமைக்கும் ஒரே நீதிமன்றம், பிடிபட்ட இடத்திலேயே உள்ளூர் நீதிமன்றம் விசாரிப்பது, அதே உள்ளூர் விசாரணையில் மறுபக்க நீதிபதியையும் உட்கார வைக்கும் கலப்பு நீதிமன்றம்.

இவற்றைச் சட்ட நுணுக்கத்தால் மட்டும் ஒப்பிட்டால் விஷயம் பிடிபடாது. ஒவ்வொரு வழிக்கும் யார் யாரை நம்ப வேண்டியிருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். நான் கையில் எடுக்கும் அளவுகோல் அதுதான்.

ஒப்படைப்பு

லண்டன் கேட்டது இதைத்தான், யூனியனிஸ்டுகள் கேட்டதும் இதையே. அவர்கள் வாதத்தில் பலம் இருந்தது. குற்றம் நடந்த ஊரில்தான் சாட்சிகள், தடயங்கள், இறந்தவரின் குடும்பம் எல்லாம் இருக்கின்றன. வழக்கு அங்கேயே நடப்பதுதானே முறை? அதற்கான சட்டமும் இருந்தது. 1965இல் இரு நாடுகளும் ஒருவர் வாரண்டை மற்றவர் ஏற்று நிறைவேற்றும் சட்டங்களை இயற்றியிருந்தன. ஆனால் அவற்றில் ஒரு விலக்கு: அரசியல் குற்றமென்றால் ஒப்படைக்க வேண்டாம். ஐஆர்ஏ மீதான வாரண்டுகள் டப்ளின் நீதிமன்றங்களில் இந்த விலக்கில்தான் தடுக்கி விழுந்துகொண்டிருந்தன.

குழுவில் இருந்த அயர்லாந்து உறுப்பினர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். அரசியல் குற்றவாளியை ஒப்படைக்கக் கூடாது என்பது சர்வதேசச் சட்டத்தின் பொதுக் கோட்பாடு, அந்தக் கோட்பாடுகளை ஏற்பதாகத் தங்கள் அரசியல் சாசனத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது, எனவே புதுச் சட்டம் போட்டாலும் செல்லாது என்றார்கள். பிரிட்டிஷ் உறுப்பினர்கள் மறுத்தார்கள். என் கணிப்பில் பிரிட்டிஷ் வாசிப்பே சரி. சர்வதேசச் சட்டம் ஒரு நாட்டுக்கு ‘மறுக்கலாம்’ என்று இடம் கொடுக்கிறதே ஒழிய, ‘மறுத்தே ஆக வேண்டும்’ என்று கட்டிப்போடவில்லை. 1982இல், வடக்கு கொலைக்காகத் தேடிய டொமினிக் மெக்ளிஞ்சியின் வழக்கில் டப்ளின் உச்ச நீதிமன்றமே விலக்கைச் சுருக்கிவிட்டது. நியாயமும் நாகரிகமும் உள்ளவர்கள் எதை அரசியல் செயலாகக் கருதுவார்களோ அதுதான் அரசியல் குற்றம் என்ற பொருளில் தலைமை நீதிபதி ஓஹிக்கின்ஸ் புதிய அளவைக் கொடுத்தார். எட்டு ஆண்டுக்கு முன் அசைக்க முடியாததாகச் சொல்லப்பட்ட தடை அது.

அப்படியானால் 1974இல் டப்ளின் பொய்க் காரணம் சொன்னதா? அப்படியும் சொல்ல மாட்டேன். சட்டக் காரணம் மெலிந்தது, அதற்கு அடியில் இருந்த காரணம் உண்மையானது. 1971 ஆகஸ்டில் வடக்கில் விசாரணையில்லாக் காவல் தொடங்கியது. முதல் நாள் சோதனையில் பிடிபட்ட முந்நூற்றுச் சொச்சம் பேரில் ஏறத்தாழ எல்லோரும் கத்தோலிக்க, தேசியவாதப் பக்கத்து ஆட்கள். அவர்களில் சிலரைத் தலையில் முகமூடியிட்டு, சுவரில் சாய்த்து மணிக்கணக்கில் நிற்க வைத்து, தூக்கம், உணவு, நீர் மறுத்து, ஓயாத இரைச்சலில் வைத்து விசாரித்தார்கள். இதற்காக அயர்லாந்து அரசு அதே டிசம்பரில் பிரிட்டன் மீது ஐரோப்பிய மனித உரிமை அமைப்பில் புகார் கொடுத்தது. 1978இல்தான் தீர்ப்பு வந்தது: மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்தை, ஆனால் சித்திரவதை இல்லை. அடுத்த அண்டைவீட்டுக்காரன் கைதிகளைக் கொடுமைப்படுத்தினான் என்று வழக்கு நடத்திக்கொண்டே, அவன் கேட்கும் ஆளைக் கைவிலங்கிட்டு எல்லையில் ஒப்படைக்க எந்த அரசால் முடியும்? காஸ்கிரேவ் ஐஆர்ஏ மீது இரக்கம் காட்டியவர் அல்ல. அவராலும் முடிந்திருக்காது.

இதோடு வடக்கின் காவல்துறையும் நீதிமன்றமும். ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி என்ற ஆர்யூசியில் 1990களின் கடைசியில்கூடக் கத்தோலிக்கர் சுமார் 8 விழுக்காடு, மக்கள்தொகையிலோ அவர்கள் நாற்பதுக்கும் மேல். 1973 முதல் பயங்கரவாத வழக்குகளுக்கு ஜூரி இல்லை, ஒற்றை நீதிபதி விசாரிக்கும் டிப்ளாக் நீதிமன்றம். வாக்குமூலத்தை ஏற்கும் விதிகளும் தளர்த்தப்பட்டிருந்தன. (தெற்கிலும் 1972 முதல் ஜூரி இல்லாத சிறப்புக் குற்றவியல் நீதிமன்றம் இருந்தது என்பதை டப்ளின்காரர்கள் பேச்சில் அடிக்கடி மறந்துவிடுவார்கள். அங்கே மூன்று நீதிபதிகள், அவ்வளவுதான் வித்தியாசம்.)

ஆக ஒப்படைப்புக்குத் தேவைப்பட்ட நம்பிக்கை: தெற்கின் மக்கள் வடக்கின் போலீஸ் அறையையும் நீதிபதியையும் நம்ப வேண்டும். 1974இல் அது துளியும் இல்லை.

பின்னால் கதவு திறந்தபோது என்ன நடந்தது என்பதுதான் எனக்கு அதிகம் சுவாரசியம். 1984 மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் நாளன்று, கிளேர் மாவட்டத்தில் துப்பாக்கிச் சண்டைக்குப் பின் பிடிபட்ட மெக்ளிஞ்சியை அன்றிரவே எல்லையில் ஒப்படைத்தார்கள். வடக்கில் கொலைக் குற்றத்தில் தண்டனை கிடைத்தது. 1985இல் வடக்கின் மேல்முறையீட்டு நீதிமன்றமே, சாட்சியம் போதாது என்று அதைத் தள்ளிவிட்டது. தெற்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, கிளேர் துப்பாக்கிச் சண்டைக்காக அங்கே பத்தாண்டு சிறை பெற்றார். அதே 1984இல் ஒப்படைக்கப்பட்ட சேமஸ் ஷானனையும் வடக்கின் நீதிமன்றம் விடுதலை செய்தது. தெற்கு பயந்த அளவுக்கு வடக்கின் நீதிபதிகள் கண்மூடித் தண்டிப்பவர்கள் அல்ல என்று இதிலிருந்து சொல்லலாம். எனக்கு இதில் தெரிவது வேறு: ஆள் கைக்கு வந்தாலும் வழக்கு கையில் இல்லை.

அதன்பின் சறுக்கல்கள். 1986இல், ஐஆர்ஏ சந்தேகத்தில் தேடப்பட்ட ஈவ்லின் கிளென்ஹோம்ஸ் மீதான வாரண்டில் குறை இருந்ததால் டப்ளின் நீதிமன்றம் விடுவித்தது. 1987இல் அயர்லாந்து பயங்கரவாத ஒடுக்கத்துக்கான ஐரோப்பிய உடன்படிக்கையைச் சட்டமாக்கியது. 1988இல், ஐஆர்ஏவுக்கு உதவியதாகப் பிரிட்டன் தேடிய பாதிரியார் பேட்ரிக் ரயன் விவகாரத்தில், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் அவரைப் பற்றிப் பேசியதைப் பார்த்தால் நியாயமான விசாரணை கிடைக்காது என்று அயர்லாந்தின் அட்டர்னி ஜெனரல் ஒப்படைக்க மறுத்தார். பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் கொதித்தார். ‘இங்கேயே விசாரிக்கிறோம்’ என்று டப்ளின் சொன்னது, ஆனால் 1989இல் ஆதாரம் போதாது என்று வழக்கே தொடரவில்லை. மறுபடியும் அதே இடம்.

ஒரே தீவு, ஒரே நீதிமன்றம்

இதை நீட்ட வேண்டியதில்லை. தெற்கில் அரசியல் சாசனத் திருத்தமும் பொது வாக்கெடுப்பும் வேண்டும், லண்டனில் சட்டம் வேண்டும், எந்தச் சிறை, எந்த மேல்முறையீடு என்று ஆயிரம் கேள்வி. அதைவிட, ‘அனைத்து அயர்லாந்து’ என்ற சொற்கள் பெயரில் இருந்தாலே யூனியனிஸ்டுகளுக்கு அது ஒன்றிணைப்பின் முதல் செங்கல். வடக்கும் தெற்கும் சேர்ந்து அமர சன்னிங்டேலில் ஒப்புக்கொண்ட அயர்லாந்து கவுன்சிலையே அவர்களால் பொறுக்க முடியவில்லை. 1974 ஜனவரியில் அதற்காகவே ஃபாக்னர் கட்சித் தலைமையை இழந்தார். மே மாதப் பொது வேலைநிறுத்தம் அதிகாரப் பகிர்வு அரசையே சாய்த்தது. அவசரத்துக்கு உதவாது என்று குழு இதை ஒதுக்கியது சரியே.

பிடித்த இடத்தில் விசாரணை

குழு பரிந்துரைத்தது இதை. வடக்கில் செய்த கொலை, குண்டுவெடிப்பு, ஆயுதக் கொள்ளை போன்ற பட்டியலிட்ட குற்றங்களைத் தெற்கின் நீதிமன்றம் தன் மண்ணில் நடந்ததாகவே கருதி விசாரிக்கலாம், வடக்கும் அதேபோல. பிரிட்டனில் 1975இலும் அயர்லாந்தில் 1976இலும் சட்டமானது. அயர்லாந்து மசோதாவைக் குடியரசுத் தலைவர் கார்ல் ஓடாலி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிச் செல்லுபடியைச் சோதித்த பிறகே கையெழுத்திட்டார்.

இங்கே ஒரு வேடிக்கை. வடக்கும் எங்கள் தேசியப் பரப்பு என்று அயர்லாந்து சாசனத்தின் 2, 3ஆம் பிரிவுகள் அன்று உரிமை கொண்டாடின. அந்த உரிமைக் கோரிக்கையைத்தான் யூனியனிஸ்டுகள் முழு மூச்சாக எதிர்த்தார்கள். இப்போது டப்ளின் நீதிமன்றம் பெல்ஃபாஸ்ட் குற்றத்தை விசாரிக்கும் சட்டம் வருகிறது, அதற்கும் எதிர்ப்பு. ஆனால் எதிர்ப்பின் காரணம் வேறு: ஒப்படைக்காமல் தப்பிக்க டப்ளின் கண்டுபிடித்த சந்து இது என்றார்கள்.

சந்தா, சாலையா? காகிதத்தில் ஏற்பாடு நுட்பமானது. வடக்கின் சாட்சி தெற்குக்கு வர அஞ்சினால், வடக்கிலேயே ஒரு நீதிபதி முன் சாட்சியம் பதியலாம். டப்ளினில் வழக்கை விசாரிக்கும் நீதிபதிகள் எல்லை கடந்து அங்கே போய் உட்கார்ந்து கேட்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவரும் காவலில் அங்கே போகலாம். வேண்டுமானால் வடக்கிலேயே முழு விசாரணையையும் அவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இவ்வளவு இருந்தும் சட்டம் அரிதாகத்தான் பயன்பட்டது.

பயன்பட்ட வழக்குகள் எவை என்று பார்த்தால் காரணம் தெரியும். 1981 ஜூனில் பெல்ஃபாஸ்டின் கிரம்லின் ரோடு சிறையிலிருந்து எட்டு ஐஆர்ஏ கைதிகள் தப்பினார்கள். அவர்களில் தெற்கில் பிடிபட்ட சிலரை டப்ளினில் இந்தச் சட்டத்தில் விசாரித்துத் தண்டித்தார்கள். சிறையிலிருந்து தப்பியதை நிரூபிக்க ஊர்ச் சாட்சி யாரும் வேண்டாம், சிறை அதிகாரி போதும். 1982இல் ஜெரார்ட் டூயிட் லண்டனில் வெடிபொருள் வைத்திருந்ததற்காக டப்ளினில் பத்தாண்டு சிறை பெற்றார். அங்கேயும் ஆதாரம் பொருளாகவும் கைரேகையாகவும் இருந்தது. வடக்கின் எல்லைப் பகுதியான தெற்கு ஆர்மாவின் விவசாயி ஒருவர் பக்கத்து வீட்டுப் பையனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டிய வழக்குகள்? பெல்ஃபாஸ்டிலும் டப்ளினிலும் அவர் வாய் திறக்க மாட்டார். அதற்குத் தீர்வு நீதிமன்றத்தின் முகவரியில் இல்லை.

எல்லைக் கோட்டின் சிக்கல் ராணுவத்தையும் விடவில்லை என்பதற்கு ஒரு பக்கக் கதை. 1976 மே மாதம் பிரிட்டிஷ் ராணுவத்தின் எஸ்ஏஎஸ் சிறப்புப் படையின் எட்டு வீரர்கள், தேடப்போனவர்களும் அவர்களைத் தேடிப்போனவர்களுமாக, லௌத் மாவட்டத்தில் தெற்கின் போலீசான கார்டாவிடம் மாட்டினார்கள். வரைபடத்தைத் தவறாகப் படித்துவிட்டோம் என்றார்கள். அவர்களையும் டப்ளினின் அதே சிறப்புக் குற்றவியல் நீதிமன்றம்தான் விசாரித்தது. உரிமமில்லாத துப்பாக்கிக்காக ஆளுக்கு நூறு பவுண்டு அபராதம்.

இரு போலீசுக்கும் நடுவில்

குழுவின் அறிக்கை வெளியான அதே 1974 மே மாதம், 17ஆம் தேதி மாலை, டப்ளினிலும் மோனஹன் நகரிலும் கார்க் குண்டுகள் வெடித்து 33 பேர் இறந்தார்கள். மொத்த மோதலிலும் ஒரே நாளில் அதிக உயிர் போனது அன்றுதான். கார்கள் வடக்கில் திருடவும் பறிக்கவும் பட்டவை. யுவிஎஃப் என்ற யூனியனிஸ்ட் ஆயுதக் குழு 1993இல் பொறுப்பேற்றது. இதுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. கார்டாவின் புலனாய்வு சில மாதங்களிலேயே ஓய்ந்தது. குண்டு வைத்தவர்களின் பெயர்கள் பிரிட்டிஷ் தரப்பிடம் இருப்பதாகத் தகவல் வந்தும் அதைப் பின்தொடரவில்லை என்று 2003இல் நீதிபதி ஹென்றி பாரன் தன் விசாரணை அறிக்கையில் எழுதினார். நான்கு வழிகளில் எதைக் கையில் கொடுத்தாலும் இந்த வழக்கு நகர்ந்திருக்காது. கேட்க வேண்டிய போலீஸ் கேட்கவில்லை, சொல்ல வேண்டிய போலீஸ் தானாகச் சொல்லவில்லை.

1974 செப்டம்பரில் பால்டொனல் விமானத் தளத்தில் இரு நாட்டு அமைச்சர்கள் கூடி, தகவல் தொடர்பு, உளவுத் தகவல் பரிமாற்றம், முன்திட்டமிடல், வெடிபொருள் கண்டறிதல் என்று இரு போலீசுக்கும் பொதுக் குழுக்களை அமைத்தார்கள். பத்திரிகைகளில் ஒரு பத்திச் செய்தி. என் பார்வையில் நீதிபதிகள் குழுவின் மொத்த அறிக்கையையும்விடக் காரியமானது அதுதான், ஆனால் அதன் ஆயுள் அமைச்சர்களின் நல்லெண்ணத்தைப் பொறுத்திருந்தது. 1982இல் டப்ளின் நீதித்துறை அமைச்சரின் உறவினரான ஒரு கார்டா காவலர் மீதான வழக்கு டௌரா என்ற எல்லைக் கிராமத்தில் விசாரணைக்கு வந்த அன்று காலை, வடக்கைச் சேர்ந்த முக்கியச் சாட்சியை ஆர்யூசி பிடித்து வைத்திருந்தது. வழக்கு தள்ளுபடி. இரு படைத் தலைமைகளுக்கும் இடையிலான உறவு அதன்பின் கசந்துபோனது.

1989 மார்ச்சில் ஆர்யூசியின் ஹேரி பிரீன், பாப் புக்கானன் என்ற இரு மூத்த அதிகாரிகள் டண்டாக் கார்டா நிலையத்தில் கூட்டம் முடித்துத் திரும்பும்போது எல்லை தாண்டியதும் ஐஆர்ஏ சுட்டுக் கொன்றது. நிலையத்துக்குள்ளிருந்தே தகவல் போனது என்று 2013இல் ஸ்மித்விக் ஆணையம் முடிவு சொன்னது. ஒத்துழைக்கப் போனவர்கள் ஒத்துழைத்ததற்காகவே இறந்தார்கள்.

கலப்பு நீதிமன்றம்

நான்காவது வழிக்கு யாரும் பெரிய வக்காலத்து வாங்கவில்லை. நான் வாங்குவேன். வடக்கின் டிப்ளாக் நீதிமன்றத்தில் ஒற்றை நீதிபதிக்குப் பதில் மூவர், அதில் ஒருவர் தெற்கிலிருந்து, டப்ளினிலும் அப்படியே. ஒப்படைப்பை மறுக்கத் தெற்குக்கு இருந்த பெரிய சாக்கு இதனால் கரைந்திருக்கும். வடக்கின் கத்தோலிக்கருக்கும் அந்த நீதிமன்றம் கொஞ்சம் தங்களுடையதாகத் தெரிந்திருக்கும். மற்ற மூன்று வழிகளும் ஒரு தரப்பை மட்டும் நம்பச் சொல்கின்றன, அல்லது எல்லோரையும் ஒரே நாளில் நம்பச் சொல்கின்றன. இது ஒரு நாற்காலியளவு நம்பினால் போதும் என்கிறது.

அயர்லாந்துப் பிரதமர் கேரெட் ஃபிட்ஸ்ஜெரால்டு இதை 1985 ஆங்கிலோ-ஐரிஷ் ஒப்பந்தப் பேச்சில் வலியுறுத்தினார். ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவில் ‘பரிசீலிக்கப்படும்’ என்ற அளவில் இடம் கிடைத்தது. லௌரியும் வடக்கின் நீதித்துறையும் கடுமையாக எதிர்த்தார்கள், தங்கள் நேர்மை மீது விழும் கறையாகப் பார்த்தார்கள். தாட்சர் அசையவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான மாதமே அதை எதிர்த்து பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தின் முன் யூனியனிஸ்டுகள் பெருந்திரளாகக் கூடினார்கள். பரிசீலனை அப்படியே கிடந்தது.

எதிர்வாதம் ஒன்று என்னை இன்னும் உறுத்துகிறது. 1987 ஏப்ரலில் வடக்கின் மேல்முறையீட்டு நீதிபதி மாரிஸ் கிப்சனும் அவர் மனைவியும் தெற்கிலிருந்து காரில் திரும்புகையில் கில்லீன் எல்லையில் ஐஆர்ஏ குண்டில் இறந்தார்கள். வாராவாரம் எல்லை கடக்கும் நீதிபதிகள் எத்தனை நாள் உயிரோடிருந்திருப்பார்கள் என்பது நியாயமான கேள்வி. அப்படியும், இங்கொருவர் அங்கொருவராகச் சில முக்கிய வழக்குகளுக்காவது 1985க்குப் பின் இதை முயன்றிருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

1974இன் முடிவைப் பொறுத்தவரை, அன்றைய நிலையில் மூன்றாவது வழியைத் தேர்ந்தது சரி. வேலை செய்யாவிட்டாலும் அது யாரையும் புதிதாகப் புண்படுத்தவில்லை; ஒப்படைப்பை அன்று திணித்திருந்தால் டப்ளின் அரசு கவிழ்ந்திருக்கும், ஐஆர்ஏவுக்கு ஆதரவு கூடியிருக்கும். பிழை, அதை ஒப்படைப்புக்கு மாற்றாக நினைத்துப் போலீஸ் சீர்திருத்தத்தைத் தள்ளிப்போட்டது. மோதலை முடித்த 1998 அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு வரிசை மாறியது. முதலில் சாசனத்தின் 2, 3ஆம் பிரிவுகள் திருத்தப்பட்டன. வடக்கின் போலீஸ் சீர்திருத்தத்துக்கான பேட்டன் ஆணையத்தின் 175 பரிந்துரைகளை ஒட்டி 2001இல் ஆர்யூசியின் இடத்தில் வட அயர்லாந்துக் காவல் சேவை வந்தது, கத்தோலிக்கருக்கும் மற்றவருக்கும் பாதிப்பாதி ஆளெடுப்பு பத்தாண்டு நடந்தது. 2002இல் இரு படைகளும் அதிகாரிகளைப் பரிமாறிக்கொள்ளும் ஒப்பந்தம் கையெழுத்தானது. இவ்வளவும் ஆன பிறகு, 2004இல் ஐரோப்பியக் கைது வாரண்ட் அரசியல் குற்ற விலக்கையே எடுத்துவிட்டது. முப்பது ஆண்டு சண்டை போட்ட ஒப்படைப்பு டப்ளினில் பெரிய கூச்சல் இல்லாமல் நடைமுறைக்கு வந்தது.